மூளையும் உயிரும்

மக்களின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையும் 8,600 கோடி நரம்பணுக்களும் உடையது. அதன் பிடரிப்பகுதி காட்சிக்கும், பக்கப்பகுதி கேள்விக்கும், நெற்றிப்பகுதி ஆய்ந்து துணிதற்கும் உரியன. சிறுமூளை உடலின் நிலையைச் சமன்செய்யும். முகுளம் மூச்சினையும் இதயத்துடிப்பினையும் நடத்தும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் கருவிலுள்ள மகவின் மூளைச் சீவல்கள் 5,132-ஐப் படமாக்கித் 'தரணி' என்னும் பெயரால் 2024-இல் வெளியிட்டனர். இங்ஙனம் பகுதிகள் நுணுகி ஆராயப்படுதல் கண்டு, மூளையே அறிவது, அதனின் வேறாய உயிர் இல்லை என்பாரும் உளர். அவர் கூற்றை ஆராய்வாம்.

அவர் காட்டும் பெருஞ்சான்று ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கர் வரலாறு. வலிப்புநோய் தீர்த்தற்பொருட்டு 1953-இல் அவர் மூளையின் இருபுறத்துமுள்ள கடற்குதிரை வடிவான உறுப்பின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் 2008-இல் இறக்குங்காறும் புதிய நிகழ்ச்சிகளை அவர் நினைவிற் கொள்ள இயலவில்லை. உறுப்பொடு நினைவும் போயினமையின், உறுப்பே அறிவுப்பொருள் என்பது மூளைவாதியர் துணிபு.

நிகழ்ச்சி உண்மையே, துணிபு பொருந்தாது. விளக்கவிந்த அறையிற் கண் ஒன்றையுங் காணாது. அதனால் விளக்கே கண்ணாதல் இல்லை. கருவியின்றி உயிர் அறியாதென்பது நமக்கும் உடம்பாடே. அமைச்சரோடு கூடிய அரசன்போல அந்தக்கரணங்களோடு கூடியே உயிர் தொழிற்படும் எனச் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் கூறும். அக்கரணங்களே சடமாயின், பூதவுடம்பின் பகுதியாகிய மூளை சித்தாதல் யாங்ஙனம்?

அன்றியும், ஐம்பொறிகள் தத்தம் புலனையே அறிய, ஐந்தனையும் அறிவது வேறென்னும் மூன்றாஞ் சூத்திர நெறி ஈண்டும் செல்லும். காட்சிப்பகுதி கேளாது, கேள்விப்பகுதி காணாது. திருக்கோகர்ணத்துக் குடைவரைச் சந்நிதியில், 'தீபங் கண்ட யானே மணியோசையுங் கேட்டேன்' என ஒருமையுற உணர்வது யாது? நரம்புகள் அவற்றைப் பிணிக்கும் எனின், பிணிப்புச் செய்திகளைச் சேர்க்குமேயன்றி 'யான்' என உணராது.

இவ்வாராய்ச்சி வாதத்தளவில் நிற்பதன்று. தீக்கை பெற்ற முதியோர் ஒருவர் மறதிநோயால் மந்திரத்தையும் மாணாக்கர் பெயரையும் மறப்பின், 'அவர் போயினார்; எஞ்சியது உடலே' என ஒதுக்குதல் தகுமோ? மூளையே உயிரெனின் அதற்கு இடமுண்டாகும். பழுதுற்றது கருவியே எனின், அதனை உடையார் உளர். அவர்பால் நாம் ஆற்றுங் கடனும் குறையாது உளது. அவர்க்குத் திருநீறு அணிவிக்க. அருகிருந்து திருவைந்தெழுத்தை ஓதுக. உயிர் அறிவிக்க அறிவது. அறிவிக்கும் இறைவனுக்கோ மறத்தல் இல்லை.