கூரை போன கோயில்

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து காரில் கிளம்பினால் மாலைக்குள் செட்டிஹள்ளி போய்விடலாம். ஹாசன் பக்கத்து ஊர். 1860களில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய ஜெபமாலை மாதா ஆலயம் அங்கே கூரையில்லாமல் நிற்கிறது. கோரூரில் ஹேமாவதி அணை வந்தது, ஊர் காலியானது. மழைக்காலத்தில் சுவர்கள் பாதி தண்ணீருக்குள். வறண்ட மாதங்களில் கல்யாண ஜோடிகள் படமெடுக்க வருகிறார்கள்.

அது இன்னும் புனித இடம்தானா?

கத்தோலிக்கச் சபைச் சட்டத்தின் 1212ஆம் விதி தயங்கவில்லை: பெரும்பகுதி இடிந்துவிட்டாலோ, நிரந்தரமாக உலகியல் காரியங்களுக்குப் போய்விட்டாலோ, அர்ப்பணிப்பு அற்றுப்போகும். ஆகம மரபும் கல்லையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை. திருப்பணியின்போது மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதியில் வைத்து வழிபடுவார்கள். ஆக, தெய்வம் இடம்பெயரலாம் என்பதில் இரு மரபுக்கும் சண்டையில்லை. திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

அதற்கு வேலூர்க் கோட்டையைப் பார்க்க வேண்டும். அகழிக்கு நடுவே, சிற்பங்கள் செறிந்த கல்யாண மண்டபத்தோடு ஜலகண்டேஸ்வரர் கோயில். படையெடுப்புகளில் வழிபாடு நின்று, கருவறை தலைமுறை தலைமுறையாகக் காலியாகக் கிடந்தது. லிங்கம் பக்கத்துச் சத்துவாச்சாரியில் இருந்தது. தொல்லியல் துறைக்கோ அது வெறும் நினைவுச்சின்னம். 1981 மார்ச்சில் வேலூர் மக்கள் லிங்கத்தைக் கொண்டுவந்து கருவறையில் வைத்துவிட்டார்கள். விதிப்புத்தகத்தைவிட அவர்களின் தீர்ப்பே சரி என்று தோன்றுகிறது. துறையின் பாதுகாப்புப் பட்டியலில் கோட்டை இன்றும் இருக்கிறது. உள்ளே அன்றாடம் பூசையும் நடக்கிறது.