பதினாறு அவுன்ஸ்

காலை ஏழு மணி. ஜன்னலில் ஈரம். மேசைமேல் இரண்டு சுத்தியல்கள்.

ஒன்று 20 அவுன்ஸ். தலை மட்டும் 567 கிராம். தலையும் பிடியும் ஒரே எஃகு. பிடியின் ரப்பர், என் விரல்கள் படும் இடத்தில் மட்டும் வழவழத்துப்போயிருக்கிறது.

மற்றது 16. தலை 454 கிராம். ஹிக்கரி மரப்பிடி. கடை வாசனை இன்னும் போகவில்லை.

வித்தியாசம் 113 கிராம். ஒரு கொய்யாப்பழம்.

முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு வலி. கெட்டிலைத் தூக்கும்போது வருகிறது. வைத்ததும் போகிறது.

பக்கத்துத் தெருவில் லாஃப்ட் வேலை. விக்டோரியா காலத்து வரிசை வீடு. நாலுக்கு இரண்டு சட்டங்கள், 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. முக்கால்வாசி ஆணியை நெயில் கன் அடித்துவிடுகிறது. அது நுழையாத மூலைகளில் கைதான். தலைக்கு மேலே அடிக்கும்போது கொய்யாப்பழம் பலாப்பழமாகிறது.

எடை பாதியானால் அடியின் ஆற்றலும் பாதி. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. கணக்கு லேசான சுத்தியலின் பக்கம். கைக்குக் கணக்குத் தெரியாது. பழைய வேகத்திலேயே வீசுகிறது.

கடையில் டைட்டானியம் தலை ஒன்று. அதே அளவு எஃகின் எடையில் அறுபது சதவீதம்கூட இல்லை. கையில் எடுக்கிறேன். விலையைப் பார்க்கிறேன். இருந்த கொக்கியிலேயே மாட்டுகிறேன்.

எஃகுப் பிடி அதிர்வை மணிக்கட்டுக்குக் கொடுக்கிறது. மரப்பிடி கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. குறி தவறிப் பிடி பட்டால் மரம்தான் உடையும்.

கொட்டாப்புளி நினைவுக்கு வருகிறது. ஊரில் ஆசாரி உளித்தலையில் தட்டும் சத்தம். மரத்தின்மேல் மரம். காய்ந்த, மந்தமான சத்தம்.

போகிறது.

தெருமுனையில் கருஞ்சிவப்புச் சட்டை போட்ட பையன். மார்பில் குறுக்காக இரண்டு சுத்தியல்கள். வெஸ்ட் ஹாம். 1895இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கப்பல் தளத்து ஆட்கள் தொடங்கிய கால்பந்து அணி. 1900இல் இந்தப் பெயர். 1897 முதல் 1904 வரை அவர்கள் ஆடிய மைதானம் கிழக்கு லண்டனின் இதே பிளேஸ்டோவில். சட்டையில் இருப்பவை கப்பல் தகடுகளுக்கு ரிவெட் அடித்த சுத்தியல்கள். வாரியர் என்ற இரும்புக் கவசக் கப்பல் 1860இல் அந்தத் தளத்திலிருந்துதான் நீரில் இறங்கியது. 1912இல் தளம் மூடப்பட்டது.

பையன் ஓடுகிறான். சுத்தியல்கள் எடையில்லாமல் ஓடுகின்றன.

பிளேஸ்டோ நிலையம். இளஞ்சிவப்புக் கோட்டு ரயில். நெற்றியில் ஹாமர்ஸ்மித். சுத்தியலும் கொல்லனும் ஒரே ஊர்ப்பெயரில்.

லாஃப்ட். பதினாறை எடுக்கிறேன். முதல் தட்டு மெதுவாக. ஆணி நிற்கிறது. விரல்கள் விலகுகின்றன.

காதோரம் காற்று.

ஆறு அடி. கனமானது என்றால் நான்கு. ஆணித்தலை மரத்தோடு சமமாகிறது.

வலி இருக்கிறது. சற்றுத் தள்ளி இருக்கிறது.

அடிக்கும் அடிக்கும் நடுவே பைன் பிசினின் மணம்.

எங்கோ ஒரு நாய் குரைக்கிறது. நிறுத்துகிறது.

மாலை. பழையதை விட்டுவர மனம் வரவில்லை. இரண்டும் பையில். நடக்கும்போது ஒன்றையொன்று தட்டுகின்றன. தலைகள் மட்டும் 1,021 கிராம்.