எழுதிவிட்டுக் கொடு

சிக்கல் என்றால் என்ன என்பதைக் கலசப்பாக்கத்துத் தறிவீட்டில் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். பட்டு இழைகள் பின்னிக்கொண்டால் இழுக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. அம்மா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மடியில் போட்டு அரைநாள் பிரிப்பாள்.

அப்பா கூலிக்கு நெய்தவர். ஆரணி முதலாளி பாவையும் ஊடைப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத் தருவார். சேலையை அறுத்துக் கொண்டுபோனால் அதுவும் தராசில் ஏறும். கழிவுக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டால், கொடுத்ததும் வந்ததும் பொருந்த வேண்டும். சட்டம் அவ்வளவுதான். கைநாட்டுக்காரியான என் பாட்டிகூட, "முள் எங்க நிக்குதுன்னு நீயே பாத்துட்டு வாடா" என்று என்னை அனுப்புவாள்.

பிழைப்புக்காக, யாரும் தாமே சரிபார்க்கக்கூடிய பொதுப் பேரேடான பிளாக்செயினைப் படிக்கப் போனபோது அந்த முள்தான் நினைவுக்கு வந்தது. 2008 அக்டோபர் 31-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் அறிக்கை ஒன்பதே பக்கம். 2015-ல் வந்த எதீரியம் என்ற பிளாக்செயினோ எந்த ஒப்பந்தத்தையும் நிரலாக எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. மறு வருடமே, ஜூன் 17 அன்று, அதன்மேல் இயங்கிய 'தி டாவோ' என்ற பொது நிதியிலிருந்து எதீரியத்தின் நாணயமான ஈதரில் சுமார் 36 லட்சத்தை ஒருவர் உருவிவிட்டார்.

பிழை என்ன தெரியுமா? அந்த நிரல் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் கணக்கில் கழித்தது. கழிப்பதற்குள் மறுபடி கை நீட்டியவனுக்கு மறுபடி கொடுத்தது. எங்கள் முதலாளியின் கணக்குப்பிள்ளை முன்பணத்தைப் பாஸ்புக்கில் எழுதி, கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் பெட்டியையே திறப்பார்! போன ஈதரை மீட்க ஜூலை 20-ல் எதீரியத்தின் விதியையே மாற்றினார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தங்கிவிட, ஒரு பேரேடு இரண்டானது.

தராசை ரொம்பவும் புகழ மாட்டேன். ஜரிகை அசலா போலியா என்று அதற்குத் தெரியாது. ஈரம் ஏறிய பட்டிடம் அது ஏமாந்தும் போகும். தறிமேல் பூ போடும் ஜக்கார்டு பெட்டியும் எளிய கருவி இல்லை, அட்டை அட்டையாகக் கோத்த யந்திரம். ஆனால் ஓர் அட்டை இடம் மாறினால் சேலையில் பூ கோணிவிடும், அன்றைக்கே, நெய்கிறவர் கண்ணெதிரே. அந்தச் சிக்கலோடு எனக்குச் சண்டை இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் சிக்கல்தான் பயம். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போனது. ஒருவர் கையெழுத்து போதாது, பலர் ஒப்ப வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்றது நிறுவனம்.

ஐந்து ஆண்டுகளில் எதீரியம் ஏறக்குறைய பிட்காயின் அளவுக்கு எளிமையாகிவிட முடியும் என்று 2025 மே மாதம் எழுதினார், அதை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின். சிக்கலைப் பிரிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அரைநாளில் முடிகிற வேலையில்லை.

இதையெல்லாம் எழுதுகிற நான் போன வருடம் வீட்டுக்கடன் வாங்கினேன். பென்சிலால் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், மொத்தம் 42 இடம். படித்தது முதல் பக்கம் மட்டும்.