திரைக்குப் பின்னால் ஒரு குரல்

கல்லடியில், வாவிக் கரையோர வீடொன்றில், இரவு பத்தரை மணிக்கு ஓர் இளைஞன் வெள்ளைச் சட்டை அணிந்து கணினியின் முன் அமர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்று, கொழும்பில் பத்தாண்டுகள் உழைத்தவன். இன்று உலகறிந்த கம்பனி ஒன்றில் சிரேஷ்ட மென்பொருள் பொறியியலாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை. கலிபோர்னியாவில் அப்போது காலை பத்து மணி. அடுத்த அறையில் தாய் செபமாலையோடு இருக்கிறாள்.

இப்பரீட்சை ஓர் அமர்வில் முடிவதில்லை. நான்கைந்து சுற்றுகள் உண்டு. முக்கால் மணி நேரத்துள் ஒரு கணக்கை, தான் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லியபடியே நிரலாக எழுதித் தீர்க்க வேண்டும். இலட்சக்கணக்கானோர் ஒரே வேளையில் பயன்படுத்தும் அமைப்பொன்றை எவ்வாறு கட்டுவாய் என்றும், முன்பு நீ தவறியபோது என்ன செய்தாய் என்றும் கேட்பார்கள்.

நண்பன் ஒருவன் காதில் ஓதுகிறான்: "மச்சான், கேள்வி வந்த உடனே விடைய எழுதித் தாற புரோகிராம் ஒண்டு இரிக்கு. அவங்கட ஸ்கிறீன்ல தெரியாது. எல்லாரும் செய்றாங்கதானே!"

செய்தால் என்ன? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவன் பக்கத்திலும் நியாயங்கள் உண்டு.

முதலாவது, வேலையில் சேர்ந்த மறுநாளே செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்து என்று அதே கம்பனி சொல்லப் போகிறதே! உண்மைதான். சில கம்பனிகள் பரீட்சையிலும் அதனை அனுமதிக்கத் தொடங்கிவிட்டன. மெற்றா கம்பனி 2025இல் அத்தகைய முறையொன்றைப் பரீட்சித்துப் பார்த்தது. அனுமதித்த இடத்தில் அது கருவி. மறைத்த இடத்தில் அது பொய். குற்றம் கருவியில் இல்லை, ஒளிப்பில் இருக்கிறது.

இரண்டாவது, கேள்விகளே நியாயமற்றவை என்பர். இதிலும் உண்மை உண்டு. கூகுளின் ஆளணிப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பொக், தாம் முன்பு கேட்டுவந்த விடுகதைக் கேள்விகளால் பயனேதும் இல்லை என்று 2013இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால் தராசு பிழையென்றால் அதனைத் திருத்தச் சொல்லலாம். நம் கையை அதன்மேல் வைத்து அழுத்தலாமா?

மூன்றாவது, குடும்பத்தின் தேவை. கடன், தங்கையின் கலியாணம், தகப்பனின் மருந்துச் செலவு. இதுவே மனத்தை உருக்கும் நியாயம். ஆயினும் அந்த ஓரிடத்துக்கு நேர்மையாக வந்து தோற்றவனுக்கும் ஒரு தங்கை இருப்பாள் அல்லவா? ஆகவே இச்செயல் எட்டாம் கட்டளையை மட்டுமன்று, ஏழாம் கட்டளையையும் தொடுகிறது.

நம் வாவியில் மீன்பிடிப்போர் இதனை நன்கறிவர். தடைசெய்த நுண்கண் வலையை ஒருவன் இரவிலே போட்டால் அவனது தோணி நிறையும். குஞ்சும் அள்ளுண்ட நீரில் பிறகு வெறும் வலையை இழுப்பவன் அயலவனே. இங்கும் அதுவே நடக்கிறது. மதுரையில் பிறந்து கூகுளின் தலைவரான சுந்தர் பிச்சை, ஒரு சுற்றையேனும் நேருக்கு நேர் நடத்தப் போவதாக 2025இல் கூறினார். விண்ணப்பிப்போரின் அடிப்படை அறிவை உறுதிசெய்யவே இந்த ஏற்பாடு. கலிபோர்னியாவில் வாழ்பவனுக்கு அது ஒரு பஸ் பயணம். மட்டக்களப்பானுக்கு அது விசாவும் விமானமும் ஆகக்கூடும். கல்லடியில் இருந்தபடியே உலகத்தோடு போட்டியிடத் தந்த வாசல் நம்பிக்கையால் திறந்தது. ஏமாற்றினால் அது முதலில் நமக்கே மூடும்.

இன்னொரு பொய்யும் உண்டு, அது நயமானது. பத்துப் பேர் கட்டியதை "நான் கட்டினேன்" என்பது. இதற்கு எதிரான தவறை நம் பிள்ளைகள் செய்வதுண்டு: தாமே செய்ததையும் "நாங்கள் செய்தோம்" என்று கூச்சத்தால் மறைப்பார்கள். தாழ்ச்சி என்பது தன்னைக் குறைத்துச் சொல்வதன்று, உள்ளதை உள்ளபடி சொல்வதே. "இந்தப் பகுதி என்னுடையது, அது என் தோழர்களுடையது, இது எனக்குத் தெரியாது" என்று சொல்லக்கூடியவனே சிரேஷ்டன். நாளை இளையோர் பலர் அவன் சொல்லை நம்பி நடக்கப் போகிறார்கள்.

நள்ளிரவில் கதவு திறக்கும். "எப்படி மகன் போச்சு?" என்று தாய் கேட்பாள். தோற்றிருந்தாலும் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பதில் சொல்ல முடியுமானால், அந்த வீட்டில் பெரிதாக எதுவும் இழக்கப்படவில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் எழுதலாம்.

பெற்றோரே, "கிடைத்ததா?" என்று மட்டும் கேட்கப் பழகிய வீட்டில் பிள்ளை எப்படியாவது கிடைக்கச் செய்யவே கற்றுக்கொள்ளும். "உன் விடையைத்தானே சொன்னாய்?" என்று முதலில் கேட்போம்.