திருநாள் முடிந்த பின் அந்தப் படத்தை என்ன செய்வது?



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாயார் கோவில் வாசலில் என்னை நிறுத்தினார். “சுவாமி, திருநாளுக்குக் கட்டின அந்தோனியார் பிளெக்ஸ் வாய்க்கால் ஓரம் கிடக்கிறது. என் ஆட்டுக் கொட்டில் ஒழுகுகிறது. அதை எடுத்துப் போர்த்தினால் பாவமா? எரித்துவிடுவதுதான் மரியாதை என்கிறாள் மருமகள்” என்றார். அங்கேயே நின்று பதில் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இன்று சொல்கிறேன்.

முதலாவது, எரிக்க வேண்டாம். மந்திரித்த பொருள் பழுதானால் எரிப்பதோ புதைப்பதோ நம் முன்னோர் வழக்கம். அவர்கள் எரித்தது காகிதமும் மரமும் பருத்தியும். பிளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் நூல் வலையின்மேல் பி.வி.சி. பூசியது. கலப்பில்லாத பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதைத் திறந்த வெளியில் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகும். அர்ச்சியசிஷ்டவருக்கு மரியாதை செய்வதாக எண்ணி, அயலார் குழந்தையின் நெஞ்சில் நஞ்சைப் புகுத்தலாகுமா? புதைத்தாலும் அது மக்காது.

இரண்டாவது, அந்தத் துணி பரிசுத்தமானதா? படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் நிற்பதில்லை, படம் யாரைக் குறிக்கிறதோ அவரையே சேருகிறது என்று 787-ஆம் ஆண்டு இரண்டாம் நிசேயா சங்கம் போதித்தது. ஆகையால் துணியில் தனி மகிமை ஏதுமில்லை. ஆயினும் அர்ச்சியசிஷ்டவர் முகம் சாணத்தில் கிடக்கக் கண்டால் எளியவர் மனம் நோகும். அது துர்மாதிரிகை. படம் உள்ள பாகத்தை உருவம் தெரியாதபடி கத்தரித்துவிடுங்கள். அப்புறம் அது வெறும் துணி. கண்ணீர் அஞ்சலித் தட்டிகளில் உள்ள இறந்தோர் முகங்களுக்கும் இதே மரியாதை செய்யுங்கள்.

பின்பு தாராளமாகக் கொட்டிலுக்குப் போர்த்துங்கள், விறகை மூடுங்கள், பை தையுங்கள். ஆனால் அதன்மேல் வடகம் காயவைக்க வேண்டாம். வளைந்து கொடுப்பதற்காக அதில் சேர்க்கும் இரசாயனங்கள் உணவுக்கு ஆகாதவை. மழைநீர் குழியாகத் தேங்கவும் விடாதீர்கள். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

மூன்றாவது காரியம் அந்தத் தாயார் கேட்காதது. பின்னால் நல்லதற்கு உதவுவதால், முன்னால் செய்த வீண் செலவு நல்லதாகிவிடுமா? ஒரு செயலை நிறுக்கும்போது செயல், நோக்கம், சூழ்நிலை என்ற மூன்றையும் பார்க்கவேண்டும் என்று குருமடத்தில் படித்தோம். கொட்டிலைப் போர்த்தும் தாயாரின் செயல் நல்லது. அந்தப் புண்ணியம் அவருடையது. அச்சடித்தவனுடைய கணக்கில் அது ஏறாது. “எப்படியும் யாராவது எடுத்துக்கொள்வார்கள்” என்று சொல்லிக்கொண்டு பத்துத் தட்டி கட்டுகிறவன், பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே என்று துணிந்து பாவம் செய்கிறவனைப் போன்றவன். மருந்து இருப்பதனால் நோயை வரவழைப்பார் உண்டா?

2022 ஜூலை முதல் தேதியிலிருந்து 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. தட்டிகளுக்கு நாடெங்கும் தடை. நம் தெருவில் கட்டுபவை பெரும்பாலும் அதைவிடத் தடிப்பானவை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சட்டம் தடுக்காததெல்லாம் தர்மமாகிவிடாது. 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு குடும்ப விழாவுக்காகச் சாலையில் கட்டிய தட்டி, ஸ்கூட்டரில் போன இளம்பெண்ணின்மேல் சரிந்தது. விழுந்தவர்மேல் லாரி ஏறியது. அந்தத் தட்டியைக் கட்டினவர் எவரும் கொலை செய்ய நினைத்திருக்கமாட்டார். ஆனால் நினையாமல் செய்த காரியத்துக்கும் கணக்கு உண்டு.

பிறரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வாய்க்கால் ஓரம் கிடந்த அந்தத் தட்டியில், அர்ச். அந்தோனியாருக்குக் கீழே, கைகூப்பிய என் முகமும் இருந்தது. அவருடைய முகத்தைவிட அது கொஞ்சம் பெரிது. அச்சடிக்குமுன் என்னிடம் காட்டினார்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. யாருடைய மகிமைக்காக அது கட்டப்பட்டது என்று எனக்கே இப்போது சந்தேகமாயிருக்கிறது.

ஆகையால் வரும் திருநாளுக்கு ஒரே ஒரு தட்டி போதும். பருத்தித் துணியில், கையால் எழுதியது. வருடமும் பெயர்களும் போடாமல் எழுதினால் அடுத்த வருடமும் உதவும். தட்டிக்குக் காசு கொடுக்க நினைத்திருப்பவர்கள் ஏழைகள் உண்டியலில் போடுங்கள்.

அந்தத் தாயாருக்கு: எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. அந்தோனியார் படத்தைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். என் முகத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். ஆடுகள் நனையாமல் இருக்க அதாவது உதவட்டும்.

உங்கள் பங்குக் குரு