சிறுதேரும் எந்திரப் பாவையும்

பொருள்களைச் சேர்த்து வைத்தல் மாந்தரின் பழைய வேட்கை. உண்ணவும் உடுக்கவும் வேண்டியவற்றைச் சேர்ப்பது வாழ்வின் தேவை. அவற்றிற்கு அப்பாற்பட்டவற்றைச் சேர்ப்பது மனத்தின் தேவை. அத்தேவை எந்த எல்லைவரை அன்பாக நிற்கிறது, எந்த எல்லையில் இவறலாக மாறுகிறது என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் வினா. இதற்குப் பொன்னையும் நிலத்தையும் விடுத்து, ஒரு விளையாட்டுப் பொருளை எடுத்துக்கொள்வோம். பெரிய உண்மை சிறிய பொருளில் தெளிவாகத் தெரிவதுண்டு.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் ஆர்2-டி2 என்னும் எந்திரத் தோழன் வருகிறான். மனித மொழி பேசான்; சீழ்க்கை ஒலியாலேயே தன் கருத்தை உணர்த்துவான். இரு காலில் நிற்பவன், வேண்டும்போது மூன்றாங்காலை இறக்கி உருண்டு செல்வான். இத்தகைய எந்திரங்களை அப்படத்தில் 'டிராய்டு' என்பர். அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் நாளுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலாத கென்னர் நிறுவனம், பின்னர்ப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டு அடங்கிய வெறும் அட்டை உறையை விற்றது. அதற்குரிய நான்கு பொம்மைகள் 1978இல்தான் அஞ்சல்வழி வந்து சேர்ந்தன. கையில் இல்லாத பாவைக்காகவும் மனம் காத்திருக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1987இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் அப்படக் கதையைத் தழுவிய விண்வெளிப் பயணக் கேளிக்கை தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் டிஸ்னி பூங்காக் கடைகளில் புதியதொரு முறை புகுந்தது. டிராய்டின் தலைகளும் உடல்களும் கால்களும் பல நிறங்களில் தனித்தனியே குவிக்கப்பட்டிருக்கும். வருவோர் தாமே பொறுக்கி, தாமே பூட்டி, நான்கு அங்குலத்திற்கும் குறைந்த பாவையொன்றைப் பெறுவர். 2019இல் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் திறக்கப்பட்ட 'கேலக்சிஸ் எட்ஜ்' பகுதியில் இது மேலும் வளர்ந்தது. அங்கே நகரும் பட்டையில் வரும் உறுப்புகளை எடுத்து, திருகிப் பொருத்தி, தொலைவிலிருந்து இயக்கத்தக்க டிராய்டைச் செய்துகொள்ளலாம். தொடக்கத்தில் அதன் விலை ஏறத்தாழ 100 டாலர். அதற்குரிய 'குணமும்' ஒரு சிறு சில்லாகத் தனி விலைக்குக் கிடைக்கிறது!

இங்கு முதல் வினா எழுகிறது. பிறர் வார்த்த உறுப்புகளைத் தேர்ந்து பூட்டியவன் அதனைத் தன் படைப்பு எனலாமா? 'கவிஞனும் சொற்களைப் புதிதாகச் செய்வதில்லையே. உள்ள சொற்களைத்தானே கோக்கிறான்?' எனச் சிலர் வாதிடலாம். வாதம் அழகியதே, ஆயினும் முழுதும் பொருந்தாது. கவிஞன் சொல்லைத் தவறாகவும் கோக்கக்கூடும். அத்தவறுக்கு அஞ்சி அவன் உழைக்கிறான். இங்கோ எந்தத் தலையும் எந்த உடலிலும் பொருந்துமாறு ஆலையே முன்னர் முடிவு செய்துவிட்டது. பிழைக்கு இடமில்லாத இடத்தில் படைப்பும் முழுமை பெறுவதில்லை. எனினும் தேர்வை நாம் இகழ வேண்டுவதில்லை. ஆயிரம் நிறங்களிடையே ஒன்றைத் தேர்பவன், தன் மனத்தை ஒரு சிறிது வெளிப்படுத்துகிறான்.

இரண்டாம் வினா இதனினும் கடியது. பண்டிகைகளையொட்டி வெளியாகும் சிறப்புப் பாவைகளை வாங்குவோருள் பலர், அவற்றின் உறையைப் பிரிப்பதேயில்லை. பிரித்தால் மதிப்புக் குறையும் என்பது அவர்தம் அச்சம். விளையாடுவதற்கென்றே பிறந்த பொருள், விளையாடப்படாதவரை உயர்வுடையதாகிறது! வள்ளுவர் பயன்படாத பொருளைப் பற்றி 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரம் இக்கண்ணாடிப் பேழைகளுக்கும் பொருந்தாதோ?

ஆயினும் மறுபக்கத்தையும் நாம் கேட்டல் வேண்டும். காப்பதும் ஓர் அறமே. நம் இல்லங்களில் கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பாட்டியிடமிருந்து பேத்திவரை கொண்டு வந்திருக்கிறோம். அன்று காத்திராவிடில் இன்று அவை இல்லை. ஆனால் அப்பெட்டி ஆண்டுதோறும் திறக்கிறது, அண்டை அயலார் அழைக்கப்படுகின்றனர், சுண்டலும் வழங்கப்படுகிறது. திறப்பதற்காகக் காப்பது வேறு; திறவாமைக்காகவே காப்பது வேறு.

நாம் அறிந்த இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்குக் குறிக்கலாம். அமெரிக்காவில் பணியாற்றும் இளைஞர் ஒருவர், விடுமுறைக்குத் தாயகம் வந்தபோது உறை பிரியாத டிராய்டுகள் சிலவற்றைக் கொணர்ந்து அலமாரியில் அடுக்கினார். அவருடைய அக்காள் மகள் ஐந்து வயதினள். "மாமா, ஒன்றே ஒன்று தாருங்கள், விளையாடிவிட்டுத் தந்துவிடுகிறேன்" என்றாள். "அது விளையாடும் பொம்மை அன்று, அம்மா" என்றார் அவர். குழந்தை மறுமொழி சொல்லவில்லை. அலமாரியை ஒருமுறை பார்த்தாள், பின்னர் அவர் முகத்தைப் பார்த்தாள், அகன்றாள். தாம் கூறிய சொற்களின் பொருந்தாமை அவருக்கே அப்போதுதான் புலப்பட்டதாம்.

இதனைக் கேட்டபோது பட்டினப்பாலை நம் நினைவிற்கு வந்தது. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உலரும் நெல்லைத் தின்ன வந்த கோழியை ஓட்ட, ஒருத்தி தன் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அக்குழை, சிறுவர் உருட்டிவரும் முச்சக்கரச் சிறுதேருக்குத் தடையாகிக் கிடக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதனை நகரின் வளம் தோன்றவே பாடினார். நமக்கோ பிறிதொரு பொருளும் தோன்றுகிறது: பொன்னின் மதிப்பு அறியாத சிறுதேருக்குப் பொன்னும் வழியில் கிடக்கும் ஒரு கல்லே. இன்று அக்குழை தெருவில் கிடக்கவில்லை. விலை என்னும் உருவில் நம் நெஞ்சில் கிடக்கிறது.

மறுநாட் காலை அவ்விளைஞர் ஓர் உறையைக் கிழித்துப் பாவையைக் குழந்தையின் கையில் கொடுத்தார். அவள் அதன் கழுத்தில் நூலொன்றைக் கட்டி, கூடமெங்கும் இழுத்துச் சென்றாள். 'குட்டித்தேர்' எனப் பெயரும் இட்டாள். வண்ணம் உராயுமே எனத் தடுக்க எழுந்த கையை அவர் மடக்கிக்கொண்டார். எந்த ஆலையும் வாராத நூல் அது. எந்தச் சில்லும் தாராத குணம் அது. பல்லாயிரத்துள் ஒன்றாக வார்க்கப்பட்ட பாவை அன்றுதான் தனியொன்றாயிற்று.

சேர்ப்பதை நாம் பழிக்கவில்லை. சேர்த்த பொருளை ஒரு குழந்தை கேட்கும்போது நம் கை திறக்கிறதா, மூடுகிறதா? அந்த ஒரு நொடியில்தான் பொருளை நாம் உடையோமா, பொருள் நம்மை உடையதா என்பது தெரிந்துவிடுகிறது.