மண் காத்தவர்க்கு விருந்து: மொய்யா, தர்மமா?



நற்காரியம் செய்தவர்களை மேடையில் ஏற்றிப் பாராட்டலாமா? அந்தப் பாராட்டையே காரணமாக வைத்து ஊராரை விருந்துக்கு அழைத்து, நிதி திரட்டலாமா? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதே சிறப்பு என்று நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்க, மாலையும் பொன்னாடையும் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருபுறம். ஊருக்கு உழைத்தவனை ஊர் கண்டுகொள்ளாவிட்டால் நாளை யார் உழைக்க முன்வருவார்கள் என்று கேட்பவர்கள் மறுபுறம். இரு சாராரும் நம்மிடம் மஸ்அலா கேட்கிறார்கள். ஏட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இவ்விஷயத்தில் நாமே ஒரு தவறு செய்துவிட்டோம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

சென்ற ஆண்டு திருவையாற்றில் அப்படி ஒரு விருந்து நடந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்குமுன் வாய்க்கால் தூர்வாரியவர்கள், குளக்கரையில் பனை விதை ஊன்றிய இளைஞர்கள், பழைய நெல் வித்துகளைக் காத்து வைத்திருந்த விவசாயிகள் ஆகியோரைக் கௌரவித்து, அடுத்த ஆண்டு வேலைக்கு நிதி சேர்ப்பது நோக்கம். எல்லாச் சமயத்தாரும் கூடியிருந்தார்கள். நாலு வார்த்தை பேசும்படி நம்மையும் அழைத்திருந்தார்கள்.

முதல் பொன்னாடை, அன்றைய தினம் மிகப் பெரிய தொகை தந்த ஒரு செல்வந்தருக்குப் போர்த்தப்பட்டது. நம் சமுதாயத்தவர்தாம். மண்ணின் காவலர் என்று ஒலிபெருக்கியில் அவரை அறிவித்தார்கள். வயல்களை வாங்கி, மண் கொட்டி மேடாக்கி, மனை போட்டு விற்பது அவருடைய தொழில் என்பது ஊரறிந்த சேதி. நமக்கும் தெரியும். தெரிந்தே நாமும் அவரை அந்தப் பட்டத்தைச் சொல்லி வாழ்த்திப் பேசினோம். வாய்க்காலில் இறங்கி வேலை செய்தவர்களோ பந்தியில் இலை போட்டுக்கொண்டும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டும் நின்றிருந்தார்கள்.

கடைசியில் அவர்களில் ஒரு முதியவரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் வரவில்லை. கை கழுவும் இடத்தில் அவரைக் கண்டு, "ஏன் அய்யா வரவில்லை?" என்று கேட்டோம்.

"எனக்கு எதுக்குங்க ஹஜரத் பொன்னாடை? நான் தூர்வாரின வாய்க்காலு பாயறதுக்கு அடுத்த வருசம் வயலு இருக்குமான்னு மட்டும் அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறைப்பது யார் கடமை? மறக்காதிருப்பது யார் கடமை?

முதலில் பாராட்டைப் பற்றி. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவனே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள், தம் முன்னிலையில் ஒருவர் இன்னொருவரை வானளாவப் புகழ்ந்தபோது, உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீரே என்று கடிந்தும் இருக்கிறார்கள். புகழ்ந்தே ஆகவேண்டுமென்றால், அவர் இப்படிப்பட்டவர் என்று நான் கருதுகிறேன், உண்மையை அல்லாஹ்வே அறிவான் என்ற அளவோடு நிறுத்திக் கொள்ளச் சொன்னார்கள்.

இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. செய்தவருக்கு ஒரு கடமை, பயன் பெற்றவருக்கு ஒரு கடமை. தம் அமலைப் பறைசாற்றாமல் இருப்பது செய்தவர் கடமை. அவரை மறக்காமல் இருப்பது பயன் பெற்ற ஊராரின் கடமை. நாம் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுக் கொள்கிறோம். செய்தவர் தாமே அழைப்பிதழில் பெயரைப் பெரிதாக அச்சிடச் சொல்கிறார். பயன் பெற்றவர்களோ, அவர் அல்லாஹ்வுக்காகச் செய்தார், நாம் ஏன் சொல்லவேண்டும் என்று வாயை மூடிக் கொள்கிறார்கள். முன்னதன் பெயர் முகஸ்துதி. பின்னதன் பெயர் நன்றி மறத்தல். ஒன்றைத் தவிர்ப்பதற்காக மற்றொன்றில் விழுவது புத்திசாலித்தனமல்ல.

ஆக, பாராட்டு ஒரு சாட்சியம். சாட்சியத்துக்குரிய நிபந்தனை அதற்கும் உண்டு. கண்டதைச் சொல்லவேண்டும்; காணாததைச் சேர்க்கக் கூடாது; கண்டதை மறைக்கவும் கூடாது. அன்று மேடையில் நாம் சொன்னது பொய்ச் சாட்சியம். பணம் தந்தார் என்று சொல்லியிருந்தால் அது உண்மை. மண்ணைக் காத்தார் என்றது உண்மையல்ல.

மண் காத்தவர் என்று யாரைச் சொல்லலாம்?

இப்பெயருக்கு உரியவர்கள் நம் காவிரிப் படுகையிலேயே இருந்திருக்கிறார்கள். திருவையாற்றுக்கு மேற்கே, திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938-ஆம் ஆண்டு பிறந்தவர் கோ. நம்மாழ்வார். வேளாண்மைப் பட்டம் பெற்றுக் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே நடக்கும் ஆராய்ச்சி ஏழை மானாவாரி விவசாயிக்குப் பயன்படவில்லை என்று கண்டு 1969-இல் அவ்வேலையை உதறினார். இரசாயன உரமின்றி மண்ணை உயிர்ப்பிக்கும் வழியை ஊர் ஊராக நடந்து சொன்னார். தஞ்சைப் பூமிக்கடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோதே, 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் உயிர் துறந்தார்.

திருத்துறைப்பூண்டி கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன் இன்னொருவர். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். திருவிழாவுக்கு வரும் விவசாயி 2 கிலோ விதை பெற்றுப் போய், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கே வழக்கம். இப்படியே மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் மறுபடி வயலேறின. அவர் 2018 டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். நம்மவர்கள் இதைப் பின்பற்ற விரும்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல்லைக் கடனாகக் கொடுத்து இரட்டிப்பாக வாங்குவதை நிபந்தனையாக்கினால் ஷரீஅத்தில் அது வட்டியின் பாற்படும். விதையை அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டு, விளைந்தபின் இயன்றதை வேறு இருவருக்கு அன்பளிப்புச் செய்யுங்கள் என்று வேண்டிக் கொள்ளலாம். நோக்கமும் நிறைவேறும், வட்டியும் சேராது.

கீழத்தஞ்சையில் நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத்தர ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் 1981-இல் லாப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். கடலோர விளைநிலங்களை இறால் பண்ணைகள் உவராக்குவதை எதிர்த்து ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விவசாயிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனால் இவர்கள் காத்த வயலின் சோற்றை நாமும் உண்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடமல்லவா? இவர்களை நன்றியோடு நினைப்பதற்கு மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை.

இவர்கள் அனைவரும் மண்ணுக்காகத் தங்கள் வாழ்விலிருந்து எதையேனும் இழந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். உத்தியோகம், ஓய்வு, உடல்நலம் என்று ஏதோ ஒன்று போயிருக்கிறது. பெயர் தெரியாமல் வாய்க்காலில் இறங்குகிறவரும் தம் ஒருநாள் கூலியை இழந்துதான் இறங்குகிறார். முன்பெல்லாம் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் வெட்டுவார்கள். அது மங்கிப் போய், 2017-இல் அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை அறிவிக்கவேண்டி வந்தது. யார் எதை இழந்தார் என்று கேட்டால் பொன்னாடை யாருக்கு என்பது விளங்கிவிடும்.

மொய்யும் தர்மமும்

இனி நிதி திரட்டும் விருந்து. தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும், புதுக்கோட்டை மாவட்டத்து வடகாடு, கீரமங்கலம் பக்கமும் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடப்பதை வாசகர்கள் அறிவீர்கள். கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயரெழுதி மொய் வாங்குவார்கள். தொழில் தொடங்கவும், கல்யாணச் செலவுக்கும், கடனடைக்கவும் அது உதவுகிறது. ஆனால் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அது ஒருவருக்கொருவர் கைமாற்று. அதில் ஒளிவுமறைவு இல்லை.

தர்மம் அப்படியல்ல. உணவளித்துவிட்டு, உங்களிடமிருந்து கூலியையும் நன்றியையும்கூட நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லும் நல்லடியார்களை அல்லாஹ் தன் திருமறையில் சிலாகிக்கிறான். தர்மங்களை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் மேலானது என்றும் கூறுகிறான். எனவே நாலுபேர் அறியக் கொடுப்பது ஹராம் அல்ல. ஒருவர் கொடுப்பதைப் பார்த்துப் பத்துப்பேர் கொடுப்பார்களானால் அதில் நன்மையும் உண்டு. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, அதற்கு ஈடாக மண்ணின் காவலர் என்ற பட்டத்தைப் பெற்றுக் கொள்வாரானால் அது தர்மமல்ல, மொய். நோட்டில் கணக்கு நேராகிவிட்டது. ஆகிரத்தில் வாங்குவதற்கு அங்கே பாக்கி என்ன இருக்கிறது?

விருந்தின் பந்தியும் இதே கேள்விக்கு உட்பட்டதுதான். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்று நபிமொழி எச்சரிக்கிறது. கல்யாண விருந்துக்கே இந்த நிலையென்றால், ஏழை உழைப்பாளியின் பெயரால் நடத்தும் விருந்தில் அவரையே பரிமாற நிறுத்திவிட்டுப் பணக்காரருக்கு இலை போடுவதை என்னவென்று சொல்வது?

உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம்

மண்ணைக் காப்பது நமக்குப் புதுப்பாடமல்ல. உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த சொத்து அவர்களுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. என்ன செய்யலாம் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். விரும்பினால் நிலத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று அருளப்பட்டது. அதன்படி அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுக்கும் போகாது. அதன் விளைச்சல் ஏழைகளுக்கும், உறவினருக்கும், வழிப்போக்கருக்கும், விருந்தாளிகளுக்கும் சேரும் என்று ஏற்பாடாயிற்று. இதுவே வக்ஃபுக்கு முன்மாதிரி. அங்கே விருந்தாளி உண்டது காக்கப்பட்ட நிலத்தின் விளைச்சலை. நிலம் அழித்த காசில் போட்ட விருந்து அல்ல அது.

நாம் வாங்கிய பதில்

சில நாள் கழித்து அந்தச் செல்வந்தரைத் தனியே சந்தித்தோம். மேடையில் சொன்னது தவறு என்று நம் பங்குக்கு ஒப்புக்கொண்டு, வயல்களை மனையாக்குவது பற்றியும் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "ஹஜ்ரத், நான் யாரிடமும் பறிக்கவில்லை. சாகுபடியில் கட்டவில்லையென்று அவர்கள் விற்கிறார்கள். வெளிநாட்டில் சம்பாதிக்கும் நம் பிள்ளைகள் மனை கேட்கிறார்கள். உங்கள் ஜமாஅத்தில் எத்தனை வீடு நான் விற்ற மனையில் நிற்கிறது, எண்ணிப் பாருங்கள்" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. நட்டத்தில் விற்கும் விவசாயியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்பவரையும் தடுக்க முடியாது. ஆனால் குடியிருக்க அல்லாமல், விலையேறும் என்று மூன்றாவது, நான்காவது மனையை வாங்கி முள்மண்டப் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்ற புதிய தொழில்களைத்தான் அது தடுக்கிறது. நம் ஆசையைத் தடுக்கும் சட்டத்தை நம் ஈமான்தான் இயற்ற வேண்டும்.

ஆகவே, விருந்து நடத்துங்கள். கௌரவியுங்கள். ஆனால் சிலவற்றைப் பேணிக் கொள்ளுங்கள்:

1. கொடுத்தவருக்குக் கொடுத்ததற்கு மட்டும் நன்றி சொல்லுங்கள். உழைத்தவருக்குரிய பட்டத்தை அவருக்குச் சூட்டாதீர்கள்.

2. உழைத்தவர்களை முதல் பந்தியில் அமர்த்துங்கள். பணம் படைத்தவர்களும் நம் போன்ற ஆலிம்களும் பரிமாறட்டும்.

3. விருந்துச் செலவு போக நிதியில் மிஞ்சியது எவ்வளவு, அது எந்த வாய்க்காலுக்குப் போயிற்று என்று மறு ஆண்டு சபையில் படித்துக் காட்டுங்கள்.

4. நட்டதற்குப் பாராட்டாதீர்கள், பிழைத்ததற்குப் பாராட்டுங்கள். கென்யா நாட்டில் 1977-இல் வாங்காரி மாத்தாய் அம்மையார் தொடங்கிய பசுமை வளைய இயக்கத்தில், கன்று பிழைத்து நின்ற பிறகே பெண்களுக்குச் சன்மானம் கொடுத்தார்கள்.

5. மேடைக்கு வர விரும்பாதவரை இழுக்காதீர்கள். அவர் இக்லாஸை நாம் கெடுக்க வேண்டாம். அவர் வீட்டுத் தேவையை அறிந்து, ஓசையின்றி நிறைவேற்றுங்கள்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையும் மனிதனும் கால்நடையும் உண்பதெல்லாம் அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த ஏட்டுக்குப் பொன்னாடை தேவையில்லை. வயல் மட்டும் தேவை. முதியவர் நம்மிடம் சொல்லியனுப்பிய கேள்வியை, அந்தச் செல்வந்தரிடம் மட்டுமல்ல, உங்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதோ சேர்ப்பித்துவிட்டோம்.

வல்ல நாயன் நம் நிய்யத்தைத் தூய்மையாக்கி, உண்மையை மட்டும் பேசும் நாவையும், பரக்கத் நிறைந்த பூமியையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.